ஆண் குட்டி எங்கே போகும்?

பாரிஸ் நகரின் கிழக்கு ஓரத்தில், வேன்சென் காட்டை ஒட்டி ஒரு விலங்குப் பூங்கா இருக்கிறது. 1934-ல் திறந்தது. சிமெண்டுப் பாறைகளும் கொட்டில்களும் பழசாகிப்போனதால் 2008 நவம்பரில் அதை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். விலங்குகள் பல ஊர்ப் பூங்காக்களுக்குப் பிரிந்து போயின. ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் மட்டும் போகவில்லை. பதினாறு விலங்குகள் கொண்ட அந்தக் கூட்டத்தை அப்படியே ஏற்றிச் செல்ல வழியில்லை, பிரித்து அனுப்ப மனமில்லை. எனவே அவற்றை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, சுற்றிலும் வேலை நடந்தது. 2014 ஏப்ரலில் பூங்கா மறுபடி திறந்தபோது அதே கூட்டம் அங்கேயே நின்றது.

ஒட்டகச்சிவிங்கி வளர்ப்பைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு பூங்காவை இடித்துக் கட்டுவதைவிட ஒரு கூட்டத்தைக் கலைப்பது கடினமான காரியம் என்று அங்கே யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியானது என்றே நினைக்கிறேன். எத்தனை தலைகள் இருக்கின்றன, ஆண்டுக்கு எத்தனை குட்டிகள் பிறந்தன என்று எண்ணிக்கொண்டிருப்பதால் ஒரு பூங்கா நன்றாக நடப்பதாகச் சொல்ல முடியாது. யாருக்கு யார் தாய், யாருக்கு யார் கூட்டு, பிறக்கிற குட்டிகளில் பாதியாக வரும் ஆண்கள் எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த விலங்கை மனிதர் முதலில் வைத்துப் பார்த்தது ஒற்றையாகத்தான். அரசர்கள் அதைப் பரிசாக அனுப்பினார்கள், அரசர்கள் அதைப் பரிசாகப் பெற்றார்கள். 1414-ல் வங்கத்து சுல்தான் சீனப் பேரரசருக்கு ஒன்றை அனுப்பினார். 1487-ல் ஃபுளோரன்ஸ் நகரத்து மெடிச்சி வீட்டுக்கு ஒன்று போனது. எகிப்தின் முகமது அலி பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸுக்கு அனுப்பிய பெண் ஒட்டகச்சிவிங்கி 1826-ல் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, மறு ஆண்டு பாரிஸ் வரை நடந்தே போனது. வழியெங்கும் ஊர் திரண்டு வேடிக்கை பார்த்தது. 1845 வரை அது உயிரோடு இருந்தது. அத்தனை ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தன் இனத்தில் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமலே கழித்தது. 1836-ல் லண்டன் விலங்குச்சாலைக்கு நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் ஒன்றாக வந்தன. மூன்று ஆண், ஒரு பெண். 1839-ல் பிறந்த முதல் குட்டி பிழைக்கவில்லை, 1841-ல் பிறந்தது பிழைத்தது. சேர்த்து வைத்தால் பெருகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எப்படிச் சேர்த்து வைப்பது என்று புரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. காட்டில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பவருக்கு அதற்குக் கூட்டம் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. காலையில் ஏழெட்டு ஒன்றாக நிற்கும். மாலையில் நான்காகும். மறுநாள் அதில் இரண்டு வேறொரு குழுவோடு மேயும். 1956-ல் தென்னாப்பிரிக்கப் பண்ணை ஒன்றில் தனியாகப் போய் இந்த விலங்கை ஆராய்ந்த கனடியப் பெண் ஆன் இன்னிஸ் டாக் தொடங்கி, அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் பலரும் இவற்றுக்கிடையே நிலையான உறவு இல்லை என்றே எண்ணினார்கள். யானையைப் போல உரசிக்கொள்வதில்லை, குரங்கைப் போலப் பேன் பார்ப்பதில்லை, சத்தமும் போடுவதில்லை. ஐந்து மீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கும் விலங்குக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவளும் பக்கத்தில் நிற்பவள்தான் என்பது பிறகுதான் உறைத்தது. ஒவ்வொன்றையும் அதன் திட்டு வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தபோது, பெண்கள் தங்களுக்குப் பிடித்தவர்களோடு மறுபடி மறுபடி சேர்வது தெரிந்தது. பிரிவதும் கூடுவதுமான அந்த அலைச்சலுக்குள் தாய், மகள், ஒன்றாக வளர்ந்த பெண்கள் என்று ஒரு பின்னல் இருந்தது.

பூங்காக்களிலும் அதே பின்னல் இருக்கிறது. சான் டியேகோவின் விரிந்த விலங்குப் பூங்காவில் பெண் ஒட்டகச்சிவிங்கிகளைக் கவனித்த மெரிடித் பாஷாவும் உடன் ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தாயும் மகளும், ஒத்த வயதுப் பெண்களும் மற்றவர்களைவிட நெருங்கி இருந்தார்கள் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 2000-ல், அட்லாண்டா பூங்காவிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வு என்னை நிறைய நேரம் யோசிக்க வைத்தது. அங்கே ஓர் ஆணும் இரண்டு பெண்களும் இருந்தன. ஆணை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எஞ்சிய இரண்டு பெண்களும் அமைதியிழந்து நடந்தன, ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது கூடியது, நக்குவது போன்ற பொருளற்ற செயல்களும் கூடின. மூன்றே விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வு, அதில் பெரிய முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் லாரியில் ஏறிப் போவது ஒரு விலங்கு, பாதிப்பு நின்றவர்களுக்கும் உண்டு என்பதை அது பதிவு செய்தது.

இரவிலும் ஒன்று நடக்கிறது. ஒட்டகச்சிவிங்கி ஊமை என்பது உலகம் முழுவதும் பரவிய நம்பிக்கை. பெர்லின், கோபன்ஹேகன், வியன்னா ஆகிய மூன்று ஊர்ப் பூங்காக்களில் ஏறத்தாழ 950 மணி நேரம் ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, இரவில் அவை தாழ்ந்த குரலில் முனகுவது கேட்டது. 92 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி, மனிதக் காதுக்கு எட்டக்கூடியதுதான். காப்பாளர்கள் வீட்டுக்குப் போன பிறகு ஒலித்ததால் யாரும் கேட்கவில்லை. 2015-ல் வெளியான அந்த ஆய்வு, முனகலின் பொருள் என்ன என்று சொல்லவில்லை. இருட்டுக் கொட்டிலில் தனித்தனி அறைகளில் அடைத்த விலங்குகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன என்று நினைத்துக்கொள்ள எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத எண்ணம் அது. ஆனால் இரவுக் கொட்டிலில் யாரை யாருக்குப் பக்கத்தில் கட்டுவது என்று முடிவெடுப்பவர் அதை மனதில் வைத்திருந்தால் நட்டமில்லை.

தீவனத்தைப் பற்றி இங்கே நீட்டப்போவதில்லை. ஆனால் சேர்க்கை, சினை, பால் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருப்பதால் சொல்லாமலும் விட முடியாது. இது புல் மேயும் விலங்கு அல்ல, தழை தின்னும் விலங்கு. அரை மீட்டர் அளவுக்கு நீளும் நாக்கால் முள்ளுக்கு நடுவே இலையை உருவி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பதிலும் அசைபோடுவதிலும் கழிப்பது. பூங்காவில் குதிரைமசால் உலர்தீவனமும் அடர்தீவனமும் அரை மணியில் தீர்ந்துவிட்டால் மீதி நேரம் அந்த நாக்குக்கு வேலையில்லை. அது கம்பியை நக்கும், சுவரை நக்கும். பாஷாவும் குழுவினரும் அமெரிக்கப் பூங்காக்களில் எடுத்த கணக்கெடுப்பில் ஒட்டகச்சிவிங்கிகளிலும் அவற்றின் உறவினமான ஒகாபிகளிலும் 79.7 விழுக்காடு ஏதேனும் ஒரு பொருளற்ற செயலைத் திரும்பத் திரும்பச் செய்தன. குளிர் நாடுகளில் இன்னொரு கேடும் உண்டு. வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த விலங்கு திடீரென விழுந்து இறக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சுற்றியிருக்க வேண்டிய கொழுப்பு கரைந்து கூழாகியிருக்கும். தின்றது போதவில்லை, குளிரோடு ஈடுகொடுக்க முடியவில்லை. வேலும் ஆலும் அத்தியும் ஆண்டு முழுதும் தழைக்கும் நம் பக்கத்துப் பூங்காக்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பாவைவிடப் பெரிய வசதி இருக்கிறது.

இனி சேர்க்கைக்கு வருவோம். மாடு வளர்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதை. பெண்ணுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். வெளியே தெரிகிற அறிகுறி மிகக் குறைவு. அதைக் கண்டுபிடிக்கும் வேலை ஆணுடையது. அது பெண்ணின் பின்பக்கத்தை முகர்ந்து முட்டும், பெண் சிறுநீர் விடும், ஆண் அதை வாயில் ஏந்தி மேலுதட்டைச் சுருட்டி நிற்கும். பருவம் என்று தெரிந்தால் விடாமல் பின்தொடரும். இல்லையென்றால் அடுத்தவளிடம் போகும். நல்ல காப்பாளர் இந்த உதட்டுச் சுருட்டலை நாள்தோறும் குறித்து வைப்பார். இரண்டு சுற்று தவறினால் சினை பிடித்திருக்கலாம் என்று கணிப்பார். சாணத்தை எடுத்து ஹார்மோன் அளவைப் பார்த்து உறுதி செய்யும் வழியும் இப்போது இருக்கிறது, விலங்கைத் தொடவே வேண்டியதில்லை.

தொடாமல் செய்ய முடிவது இங்கே பெரிய வரம். ஒட்டகச்சிவிங்கியை மயக்க ஊசி போட்டுப் படுக்க வைப்பது மருத்துவர்கள் அஞ்சும் வேலை. அவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப் போல இரு மடங்கு. விழும்போது கழுத்து முறுக்கிக்கொள்ளலாம், அசைபோடும் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். எனவே இப்போது நல்ல பூங்காக்கள் கையில் கேரட்டோ தழையோ வைத்துக்கொண்டு பழக்குகின்றன. குளம்பைத் தூக்கிக் கட்டைமேல் வைக்க, கழுத்தில் ஊசி ஏற்றுக்கொள்ள, குறுகிய தடுப்புக்குள் வந்து அமைதியாக நிற்க விலங்கு கற்றுக்கொள்கிறது. இந்தப் பழக்கம் இல்லாத கூட்டத்தில் சினைப் பரிசோதனையும் இல்லை, குளம்பு வெட்டுதலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

சினைக்காலம் பதினைந்து மாதம். தாய் நின்றபடியே ஈனும். முன்கால்கள் இரண்டும் தலையும் முதலில் வரும், பிறகு குட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும். விழும்போதே நம்மில் பெரும்பாலோரைவிட அது உயரம். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். எழுந்து நிற்கும் தரை வழுக்காமல் இருக்க வேண்டும் என்பது சாதாரணமாகத் தோன்றும். நீண்ட கால்கள் பக்கவாட்டில் அகன்று விரிந்துவிட்டால் குட்டி மட்டுமல்ல, வளர்ந்த விலங்கும் மறுபடி எழாது. ஈன்ற அறையில் மணல் பரப்பியிருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் ஓர் உயிர் தொங்குகிறது.

தலையீற்றுத் தாய்களில் சிலர் குட்டியைக் கண்டு மிரள்வார்கள், மடியருகே வந்தால் உதைப்பார்கள். இங்கேதான் கூட்டத்தின் அருமை தெரியும். மூத்தவள் ஈன்றதைப் பார்த்து வளர்ந்த பெண், குட்டி என்றால் என்ன என்று அறிந்தவளாக இருக்கிறாள். செக் நாட்டு ஆய்வாளர்கள் பூங்காக் கூட்டங்களைக் கவனித்து 2016-ல் எழுதியதில், ஒரு தாயின் மடியில் இன்னொரு தாயின் குட்டி பால் குடிப்பது ஒட்டகச்சிவிங்கிகளிடம் வியக்கத்தக்க அளவுக்குச் சகஜம் என்று தெரிகிறது. குட்டி திருடிக் குடிப்பதா, தாய்மார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டுக்கும் இடம் விடுகிறார்கள். சீம்பால் மட்டும் முதல் நாளில் உள்ளே போயாக வேண்டும். அது போகாத குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கலாம். ஆனால் மனிதர் கையில் வளர்ந்தது கூட்டத்துக்குள் திரும்பிப் போக நெடுநாள் தடுமாறும். காட்டில் குட்டிகளில் பாதியளவு முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பூங்காவில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. ஈன்ற சில மாதங்களிலேயே, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, தாய் மறுபடி சினை பிடிக்கும்.

சிக்கல் இங்கிருந்துதான் முளைக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் எடுத்துக்கொண்ட பாதியைப் பூங்காவில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆறு பெண்கள் உள்ள கூட்டத்தில் ஒரு ஆண் போதும். பிறப்பதில் பாதி ஆண். பெண் குட்டி தாயோடு இருக்கலாம். ஆண் குட்டி மூன்று வயதை நெருங்கும்போது தகப்பன் அதைப் பொறுத்துக்கொள்ளாது. கழுத்தைச் சுழற்றி அடிக்கும் அடி விளையாட்டாகத் தொடங்கி எலும்பை முறிப்பதில் முடியலாம்.

2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, கோபன்ஹேகன் பூங்காவில் பதினெட்டு மாத ஆண் ஒட்டகச்சிவிங்கி மாரியுஸுக்கு அதற்குப் பிடித்த ரை ரொட்டித் துண்டைக் கொடுத்து, அதைத் தின்னக் குனிந்தபோது தலையில் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். நோய் எதுவும் இல்லை. பிறகு பொதுமக்கள் முன்னால், குழந்தைகளும் பார்க்க, உடலை அறுத்துப் பாடம் நடத்தினார்கள். இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட வேண்டுகோள் இருந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வனவிலங்குப் பூங்கா வாங்கிக்கொள்ள முன்வந்தது. பூங்காவின் அறிவியல் இயக்குநர் பெங்ட் ஹோல்ஸ்ட் அசையவில்லை.

அவர் சொன்ன காரணத்தை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பூங்காக்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கின்றன. எந்த விலங்கு யாருக்குப் பிறந்தது, கூட்டத்தின் மற்ற எல்லா விலங்குகளோடும் அதற்கு எவ்வளவு இரத்த உறவு என்று கணக்கிடுகிறார்கள். உறவு மிகுந்தது இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படாது, உறவு குறைந்ததே அரியது. மாரியுஸின் இரத்தம் ஏற்கெனவே நிறைய இருந்தது. யார்க்‌ஷயரில் ஓர் இடம் காலியாக இருந்தால் அது மரபணு அளவில் அருமையான இன்னொரு விலங்குக்குப் போக வேண்டும் என்றார் ஹோல்ஸ்ட். கருத்தடை மருந்துகளுக்குப் பக்கவிளைவு உண்டு, சேர்வதும் ஈனுவதும் குட்டியை வளர்ப்பதும் விலங்கின் வாழ்வில் பெரும்பகுதி, அதைப் பறிப்பதைவிட மிகுதியானதைக் கொல்வது மேல் என்பது அவர் வாதம். அந்தப் பூங்காவில் ஆண்டுக்கு இருபது முப்பது விலங்குகள் இப்படிக் கொல்லப்படுவதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன். மிகுதியான விலங்கு இல்லாத பூங்கா உலகில் இல்லை. அதை யாருக்கும் தெரியாமல் தகுதியில்லாத கைகளுக்குத் தள்ளிவிடுவது கொல்வதைவிடக் கொடியதாக முடியலாம். ஆனாலும் ஹோல்ஸ்டின் வாதத்தில் ஓர் இடம் எனக்கு ஒப்பவில்லை. தாய்க்கு ஈனும் அனுபவம் வேண்டும் என்பதற்காகக் குட்டி பிறந்தது. குட்டிக்கு வாழும் அனுபவம் வேண்டும் என்பதை அதே தராசில் ஏன் வைக்கவில்லை? மாரியுஸ் வேண்டாத இரத்தம் என்பது அது பிறந்த பிறகு கண்டுபிடித்த செய்தி அல்லவே. தாயும் தகப்பனும் யாரென்று பதிவேட்டில் இருந்தது. அவை சேர்ந்த அன்றே குட்டியின் கணக்கும் போட்டு முடிந்திருந்தது. பிறப்புக்கு முன் எடுக்க வேண்டிய முடிவைப் பதினெட்டு மாதத்துக்குப் பின் எடுத்தார்கள் என்பதுதான் என் குறை. சுட்டது அதன் விளைவு.

சரி, மாற்று வழி என்ன? அமெரிக்கப் பூங்காக்கள் கருத்தடையை நாடுகின்றன. தீவனத்தில் கலந்து கொடுக்கும் மெலன்ஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து அங்கே வழக்கத்தில் இருக்கிறது. நாள்தோறும் சரியான அளவு சரியான வயிற்றுக்குப் போக வேண்டும், மந்தையாகத் தின்னும் விலங்குகளிடம் அது எளிதல்ல. தடுப்பூசி வகை மருந்துகள் உண்டு. சிலவற்றில் நிறுத்திய பிறகும் பெண் திரும்பச் சினையாகுமா என்ற உறுதி இல்லை. காயடிக்கலாம், அதற்கு மயக்க மருந்து வேண்டும், மயக்க மருந்தின் ஆபத்தை மேலே சொன்னேன். ஆண்களை மட்டும் சேர்த்து ஒரு கூட்டமாக வைக்கலாம். பெண் வாடை இல்லாத இடத்தில் இளம் ஆண்கள் பெரிய சண்டையில்லாமல் வாழ்கின்றன. காட்டிலும் இளம் ஆண்கள் அப்படித்தான் சேர்ந்து திரிகின்றன. யார்க்‌ஷயர் பூங்கா வைத்திருந்ததும் அப்படி ஓர் ஆண்கள் கூட்டமே. குட்டி வந்தால் பார்வையாளர் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் நுழைவுச்சீட்டு விற்கும் என்று எண்ணும் பூங்காவுக்கு ஆண்கள் கூட்டம் இலாபமில்லாத வேலை. ஆனாலும் இந்த வழியில்தான் எனக்கு அதிக நம்பிக்கை இருக்கிறது. நான்கு பெண் கூட்டங்களுக்கு ஓர் ஆண் கூட்டம் என்ற வீதத்திலாவது பூங்காக்கள் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பொலி ஆணைப் பற்றிய சிக்கல் இன்னும் நுட்பமானது. இரண்டு வயதில் வந்த ஆண் நான்கு வயதில் சேரத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் மகள் பருவத்துக்கு வரும்போது அதற்கு எட்டு ஒன்பது வயது. இனி தகப்பனும் மகளும் ஒரே கொட்டிலில் இருக்க முடியாது. யார் போவது? மகளை அனுப்புவதுதான் எங்கும் வழக்கம், காரணம் அவள் உயரம் குறைந்தவள், வண்டியில் ஏற்ற முடியும். ஐந்தரை மீட்டர் ஆணைப் பாலங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் கீழே ஓட்டிச் செல்வது ஆபத்தான காரியம். 2014-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா அருகே நெடுஞ்சாலையில் லாரியில் போன ஒட்டகச்சிவிங்கி ஒன்று மேம்பாலத்தில் தலை மோதி இறந்த படத்தை உலகமே பார்த்தது. ஆக, எளிதில் ஏற்ற முடிந்ததை ஏற்றிவிடுகிறோம். ஆனால் தாய்க்கும் மகளுக்கும் இடையேதான் இந்த விலங்கின் உறவு வலுவாக இருக்கிறது என்று முன்னே பார்த்தோம். எளிதானதைச் செய்யும்போதெல்லாம் அறுக்கக் கூடாத இழையையே அறுக்கிறோம். ஆணுக்கென்று தனி மேய்ச்சல் வெளியும் தனிக் கொட்டிலும் கட்டி, சினையாக வேண்டிய பெண்ணை மட்டும் அதனிடம் விடும் ஏற்பாடு செலவு பிடிக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எந்த இரத்தத்தைப் பெருக்குவது என்பதில் இன்னொரு குழப்பம். நெடுங்காலம் ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம், கிளையினங்கள் பல என்று கொண்டார்கள். அமெரிக்கப் பூங்காக்கள் வலைத்திட்டு வகையையும் ராத்சைல்டு வகையையும் கலக்கவிட்டு, இன்று எந்த வகையென்று சொல்ல முடியாத விலங்குகளை நிறைய வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் நடந்தது இன்னும் வியப்பு. மேற்கு ஆப்பிரிக்க வகை என்று பெயர்ப்பலகை மாட்டிப் பல ஆண்டுகள் பெருக்கிய கூட்டத்தை 2007-ல் அலெக்சாந்தர் அசானின் குழு மரபணு கொண்டு சோதித்தபோது அவை நடு ஆப்பிரிக்காவின் கொர்டோஃபான் வகை என்று தெரிந்தது. வேன்சென் கூட்டமும் அதில் அடக்கம். உண்மையான மேற்கு ஆப்பிரிக்க வகை உலகில் எந்தப் பூங்காவிலும் இல்லை. நைஜர் நாட்டு ஊர்களின் ஓரத்தில் மட்டும் வாழ்கிறது. 1990-களின் நடுவில் 49 ஆகக் குறைந்திருந்த அது, ஊர் மக்களின் காவலில் இன்று அறுநூறைத் தாண்டிவிட்டது. அதில் எந்தப் பூங்காவின் குட்டியும் இல்லை. 2016-ல் மரபணு ஆய்வாளர்கள் நான்கு தனி இனங்கள் என்று முன்வைத்ததை 2025-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஏற்றுக்கொண்டது. வேறு வேறு இனங்களைக் கலந்து பெருக்கியதற்கு இனி கிளையினக் கலப்பு என்ற சமாதானம் செல்லாது.

காட்டு எண்ணிக்கை 1985-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சரிந்ததைப் பூங்காக்கள் அடிக்கடி சொல்கின்றன. சரிந்தது உண்மை. பூங்காவில் பெருக்குவதால் அது நிமிர்ந்துவிடும் என்று சொல்ல நைஜரின் கதை இடம் கொடுக்கவில்லை. பூங்காக் கூட்டம் ஒரு சேமிப்பு, அவசரத்துக்கு உதவக்கூடும். ஒரே இடத்தில் குவித்த சேமிப்பு எப்படி அழியும் என்பதற்கும் சான்று உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் துவுர் கிராலோவே பூங்காவில் அன்று உலகிலேயே பெரிய கூட்டமாக இருந்த ஒட்டகச்சிவிங்கிகள் 49-ஐயும் 1975 ஏப்ரல் கடைசி இரவில் சுட்டுக் கொன்றார்கள். கோமாரி நோய் என்ற ஐயம். அரசு ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை.

இந்தியாவில் நம் கூட்டங்கள் சிறியவை. மைசூரும் கொல்கத்தாவின் அலிப்பூரும்தான் இங்கே நெடுங்காலமாக ஒட்டகச்சிவிங்கி பிறக்கும் இடங்கள். மைசூரிலிருந்து பன்னேர்கட்டாவுக்கும் அலிப்பூரிலிருந்து ஐதராபாத்துக்கும் விலங்குகள் போயிருக்கின்றன. 1992-ல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதிகள், எந்த விலங்கையும் தக்க காரணமின்றி ஓராண்டுக்கு மேல் துணையில்லாமல் வைக்கக் கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் துணை என்றால் ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்று பொருள் கொண்டு, ஊருக்கு ஒரு சோடி என்று பிரித்துக் கொடுப்பதில் விதி நிறைவேறிவிடும், விலங்கின் தேவை நிறைவேறாது. ஒரு சோடிக்குப் பிறந்த மகள் பருவத்துக்கு வரும்போது அங்கே சேரத் தகப்பனைத் தவிர ஆள் இருக்காது. சில முன்னோர்களிலிருந்து வந்த இரத்தம் நாடு முழுவதும் பரவியிருக்கும்போது, எந்தப் பூங்காவிலிருந்து வாங்கினாலும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாகத்தான் இருக்கும். பத்துப் பூங்காக்களில் பத்துச் சோடிகள் வைப்பதைவிட மூன்று பூங்காக்களில் தாய்வழிக் கூட்டங்களும் ஒன்றில் ஆண்கள் கூட்டமும் வைப்பது மேல். பார்க்க முடியாத ஊர் மக்களுக்கு வருத்தமாக இருக்கும். அந்த வருத்தத்தை ஏற்கலாம் என்றே சொல்வேன்.

முதுமகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸோயி முல்லரும் ஸ்டீபன் ஹாரிஸும் 2021-ல் எழுதிய ஆய்வுரை, பெண் ஒட்டகச்சிவிங்கி தன் வாழ்நாளில் முப்பது விழுக்காடு வரை ஈனும் பருவம் கடந்து வாழ்கிறது என்கிறது. யானையிலும் திமிங்கிலத்திலும் காணும் பாட்டி இங்கேயும் இருக்கக்கூடும் என்பது அவர்கள் துணிபு. பூங்காவின் பட்டியலில் அவள் இனி ஈனாத விலங்கு, இடத்தை அடைப்பவள். அவளை அனுப்பிவிட்டால், தலையீற்றுக்காரி மிரண்டு நிற்கும் இரவில் பக்கத்து அறையில் யார் நிற்பது?

மாடு வளர்த்த வீடுகளில் சேர்க்கைக்கு விடும் அன்றே ஈற்றுக்கு நாள் எண்ணுவார்கள். அதையே இங்கும் எண்ணிப் பார்க்கிறேன். இந்தத் தையில் ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டால் அடுத்த ஆண்டு சித்திரையில் குட்டி விழும். அதற்கு மறு ஆண்டு ஐப்பசியில் அதற்குப் பதினெட்டு மாதம் முடியும், அப்போது அது பாலத்துக்குக் கீழே போகக்கூடிய உயரத்தின் விளிம்பில் இருக்கும். ஆணாகப் பிறந்திருந்தால் அந்த ஐப்பசியில் வரும் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதை, இந்தத் தையில் கொட்டில் கதவைத் திறக்கும் முன், பதிவேட்டில் பேனாவால் எழுதிவைத்திருக்க வேண்டும்.